மனப்பாடம்: செங்கல்பட்டுச் சீமையிலிருந்து ஒரு வரலாறு

தேர்வுக் காலம் வந்தால் வாட்சப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். படித்ததை மறக்காமல் இருப்பது எப்படி? அமைதியான அறையைத் தேர்ந்தெடுங்கள் என்று அது தொடங்கும். மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், விடிகாலையில் எழுந்து படியுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், பாதாம் பருப்பை இரவே ஊறவையுங்கள். மதுராந்தகம் பக்கத்துக் காலனியில், ஐந்து பேர் படுத்துறங்கும் தொகுப்பு வீட்டிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகும் பெண் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? விடிகாலையில் அவள் எழத்தான் செய்கிறாள், தண்ணீர் பிடிக்க.

பட்டியல் புதியது. அதைவிடப் பழைய பேச்சு ஒன்று உண்டு. அவர்களுக்குப் படிப்பு ரத்தத்திலேயே ஊறியது, உனக்கு மண்டையில் ஏறாது என்பது. ஆசிரியர் அறைகளில் இன்றும் இது கேட்கிறது. இதற்குப் பதிலாக நம் தோழர்கள் சிலர், மனப்பாடமே பார்ப்பனியம், நமக்குச் சிந்தனைதான் வேண்டும் என்கிறார்கள். மேடையில் கைதட்டு வாங்கும் பதில்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் தோற்றுப் படிப்பை நிறுத்தியவனுக்கு அது உதவாது. நினைவில் எதுவும் இல்லாமல் சிந்திக்கவும் முடியாது. மனப்பாடம் யாருடைய பிறவிக் குணமும் இல்லை. அது ஒரு தொழில்நுட்பம். அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை யாருக்காக யார் ஏற்றார்கள், யாரைக் கிட்டே வரவிடாமல் தடுத்தார்கள் என்பதற்கு நம் சீமையிலேயே சான்றுகள் கிடக்கின்றன. (சீமை என்று நான் சொல்வது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை. காஞ்சிபுரம், திருவள்ளூர், இன்றைய சென்னையின் தென்பகுதி எல்லாம் அதற்குள் இருந்தன. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல்தான் பிரிந்தது.)

முதல் சான்று கல்லில் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கை கொண்ட மருத்துவமனையைப் பற்றிய பகுதிக்காக அது புகழ்பெற்றது. அதே கல்வெட்டில் வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்லூரி ஒன்றின் வரவுசெலவும் இருக்கிறது. ஆசிரியருக்கு நெல், மாணவருக்குச் சோறு, படுக்கப் பாய், சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய், இரவில் எரியும் விளக்கு, வேலைக்குப் பணிப்பெண்கள். வேதம் படித்த பிள்ளையின் ஞாபக சக்தியைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை படிக்க வேண்டும். அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து.

அங்கே கற்பித்த முறையும் மாயமல்ல. வேதம் ஓதுவோரிடம் பதம், கிரமம், சடை, கனம் என்று ஓதும் வகைகள் உண்டு. கிரமத்தில் முதல் சொல்லும் இரண்டாம் சொல்லும், பிறகு இரண்டும் மூன்றும், பிறகு மூன்றும் நான்கும் என்று சங்கிலியாகச் சொல்வார்கள். சடையில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, மறுபடி ஒன்று-இரண்டு. கனத்தில் இது இன்னும் பின்னிக்கொள்ளும். ஒரு சொல் நழுவினாலும் பின்னல் அறுந்து தவறு உடனே தெரிந்துவிடும். வாயாலேயே பிழை திருத்தும் ஏற்பாடு. பல ஆண்டுகள், நாள்தோறும் பல மணி நேரம், சாப்பாட்டுக் கவலை இல்லாமல் யார் இதைச் செய்தாலும் நினைவு நிற்கும்.

இது எல்லோருக்கும் வரும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் சட்டம் தேவைப்பட்டிருக்காது. மிகப் பழைய தரும நூல்களில் ஒன்றான கௌதம தரும சூத்திரம், வேதத்தைக் கேட்கும் சூத்திரன் காதில் ஈயமோ அரக்கோ உருக்கி ஊற்றச் சொல்கிறது. ஓதினால் நாக்கை அறுக்கச் சொல்கிறது. நினைவில் வைத்திருந்தால் உடலைப் பிளக்கச் சொல்கிறது. இந்தத் தண்டனைகள் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கட்டும். நான் காட்ட விரும்புவது அதன் வரிசையை. கேட்டல், சொல்லல், நினைவில் நிறுத்தல். மனப்பாடத்தின் மூன்று படிகளையும் சரியாகப் பிரித்து, படிக்கு ஒரு தண்டனை வைத்திருக்கிறார்கள். மண்டையில் ஏறாதவனுக்கு யாராவது இப்படிச் சட்டம் எழுதுவார்களா?

கோயில் கல்லூரிக்கு வெளியே ஊருக்குள் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே வேதம் இல்லை. அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, இவற்றோடு கணக்கு. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. எட்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். சட்டாம்பிள்ளை முன்னால் நின்று ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். இதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். எழுதுவது மணலில், விரலால். எழுதிக்கொண்டே சொல்ல வேண்டும். கண், கை, வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பிரம்பும் வேலை செய்தது, அதை மறந்து இந்தப் பள்ளிகளைப் போற்றுபவன் நான் இல்லை.

உ.வே.சாமிநாதையர் தன் வரலாற்றில் திண்ணைப் பள்ளியின் இன்னொரு வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் வந்ததும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். எளிமையான பயிற்சி. ஓர் இரவு கடந்து ஒரு சொல்லை மீட்டெடுப்பது. இதன் மதிப்பு பின்னால் தெரியும்.

இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் பள்ளியில் புகுத்தினார். உதவி ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறிய வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. நம் கடற்கரை மணல் லண்டன் வரை போயிற்று. அந்த மணலை ஒட்டிய சேரிகளுக்குப் போகவில்லை.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் உள்நாட்டுப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாணவரை வகைப்படுத்தும் படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர் என்பவற்றுக்குப் பிறகு ‘மற்ற சாதியார்’ என்று ஒரு கட்டம் இருந்தது. காந்தியவாதி தரம்பால் இந்தக் கணக்கை ‘அழகிய மரம்’ என்று பெயரிட்ட தன் ஆங்கில நூலில் தொகுத்து, பிரிட்டிஷாருக்கு முன் எல்லாச் சாதியாரும் படித்தார்கள் என்று வாதிட்டார். சூத்திரர் என்ற கட்டத்தில் பெரும் எண்ணிக்கை இருந்தது உண்மை. ஆனால் ‘மற்ற சாதியார்’ என்ற கட்டத்துக்குள் சேரிப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆசையே தவிர ஆதாரம் இல்லை. திண்ணை என்பது ஊர்த்தெரு வீட்டின் முன்பகுதி. அந்தத் தெருவுக்குள் செருப்பில்லாமல் நடக்கவே விடாதவர்கள், அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து சொல்ல விட்டார்களா?

இந்த விலக்கலின் விலையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்து சொல்லும் முறையில் பாடம் இருப்பது குரல்களுக்குள். அங்கே உட்காராதவனுக்கு ஓலைச்சுவடி கையில் கிடைத்தாலும் பாதிதான் கிடைத்தது. நெல்லிலக்கமோ வெறும் பாடம் இல்லை. ஆழாக்கு, உழக்கு, உரி, படி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று அளந்து போடும் களத்தில், கூலியாக வரும் நெல் சரியா தவறா என்று சொல்லும் அறிவு அது. அதை வாய்ப்பாடாக வைத்திருந்தவர்கள் களத்தின் ஒரு பக்கம் நின்றார்கள், அறுத்துப் போட்டவர்கள் மறுபக்கம் நின்றார்கள்.

நினைவே இல்லாத மக்களா நாம்? எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில், ஊர் எல்லைத் தகராறு வந்தால் பறையர் சொல்லும் எல்லையே ஏற்கப்பட்டது என்ற செய்தி இருக்கிறது. எந்த வரப்பு எங்கே திரும்புகிறது, எந்தக் கல் எப்போது நட்டது என்பது வெட்டியானின் தலைக்குள் இருந்தது. மாமல்லபுரம் கடற்கரையில், கலங்கரை விளக்கத்தையும் தூரத்து மலையையும் ஒன்றோடொன்று நேர்வைத்து நடுக்கடலில் மீன் கிடைக்கும் பாரைக் கண்டுபிடிக்கும் மீனவர் எந்த வரைபடத்தையும் பார்ப்பதில்லை. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்துப் பாம்பின் வகையைச் சொல்வார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் இந்த நினைவுக்கு மதிப்பெண் போட்டதே இல்லை.

இனி நம் மண்ணின் மைந்தர் ஒருவரிடம் வருவோம். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர், வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவர் என்று அவரை நாம் அறிவோம். அவர் எப்படிப் படித்தார் என்பதை அதிகம் பேசுவதில்லை. ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற தன் நூலில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைச் சில வரிகளில் சொல்கிறார். அங்கே ஏறக்குறைய 400 பிள்ளைகள், பத்துப் பேர் போக மற்றவரெல்லாம் பிராமணர். நட்பு வைத்தால் சாதி, குடும்பம், குடியிருப்பு எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று பயந்தார். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது தனியாக வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீடு சேர்ந்துவிடுவார். விளையாட்டு கிடையாது.

படிப்புக் குறிப்புகள் எழுதுபவர்கள் இதைத் தனிமையில் கவனச்சிதறல் இல்லாமல் படித்த உதாரணமாக ஆக்கிவிடக்கூடும். நான் இதை ஒரு பிள்ளையின் மூளை இரண்டு வேலை செய்ததன் பதிவாகப் படிக்கிறேன். ஒரு பாதி பாடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபாதி, யார் என்ன கேட்டுவிடுவார்களோ என்று காவல் இருந்தது.

இது என் கற்பனை இல்லை. பொருளியல் ஆய்வாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைத் தாள்கள் கொடுத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதியைச் சொல்லாமல் செய்யவிட்டபோது தலித் சிறுவர்களுக்கும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்கும் வேறுபாடு இல்லை. தொடங்குமுன் ஒவ்வொருவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னும் அறிவித்தபோது தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. அதே பிள்ளைகள், அதே மூளை. சீனிவாசன் எந்தக் கேள்விகளுக்குப் பயந்து வெளியே நின்றாரோ, ஏறக்குறைய அதே விவரங்கள். ஸ்காலர்ஷிப் படிவம் கொடுக்க வகுப்பில் ‘எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரு’ என்று சொல்லும் ஆசிரியர், அந்த நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று இப்போது தெரிகிறதா? நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்திருப்பதை ஒழுக்க விதியாக மட்டும் பார்க்காதீர்கள். அது நேரடியாக மதிப்பெண்ணோடு தொடர்புடையது.

சீனிவாசன் படித்த காலத்துக்குப் பின் சேரிக்குள் பள்ளிகள் வந்தன. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்தது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேற்றலாம் என்ற நிலையை அந்த அறிக்கை பதிவு செய்தது. அந்தக் குடிசையில் விளக்கு ஏற்றிப் படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இந்தச் சீமையில் நிலத்துக்கும் பள்ளிக்கும் சேர்த்தே போராடினார்கள்.

ஆனால் அந்தக் காலத்துப் பள்ளிகளின் கழுத்தில் ஒரு கயிறு இருந்தது. 1860களின் இறுதியிலிருந்து சென்னை மாகாணத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு ‘முடிவுக்கேற்ற மானியம்’. ஆண்டுக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். பிள்ளையின் நினைவே ஆசிரியரின் அரிசி ஆகிவிட்டது. பொருள் புரிகிறதா என்பது யாருக்கும் வேண்டாம், அன்றைக்கு ஒப்பித்தால் போதும். நாம் இன்று வெறுக்கும் மனப்பாடக் கல்வியின் பெரும்பகுதி இந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது என்பது என் கருத்து.

இதற்கு மாற்றும் இதே மாவட்டத்தில்தான் நடந்தது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அடையாறில் 1894இல் கர்னல் ஓல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு அவை ஐந்தாயின. 1906இல் அப்பள்ளிகளின் கண்காணிப்பாளர் கோர்ட்ரைட் அம்மையார் தங்கள் கற்பிக்கும் முறையை ஒரு சிறுநூலாக எழுதினார். கிண்டர்கார்டன் முறையில், பொருளைத் தொட்டு, பாடி, ஆடிப் படிப்பது. சேரிப் பிள்ளைகளுக்கு எது முடியும் என்று அவை காட்டின. ஓல்காட்டின் எண்ணமோ பிழைப்புக்கு வேண்டிய அடிப்படைப் படிப்போடு நின்றது, உயர்கல்வி அவர் திட்டத்தில் இல்லை. கதவைத் திறந்தவரே உயரத்தையும் அளந்து வைத்தார்.

பொதுப்பள்ளிகளின் கதை அதைவிட மோசம். 1919இல் சென்னை அரசு வெளியிட்ட ஆணை ஒன்றின்படி, பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. அக்கிரகாரத்தில் இருந்த பள்ளி, கோயிலில் இருந்த பள்ளி, இடம் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாத பள்ளி என்று காரணங்கள். இது நம் பாட்டனார், பூட்டனார் காலம்.

அறிவியல் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1885இல் ஜெர்மனியில் எபிங்காஸ் தன்னையே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடும், பிறகு மறதியின் வேகம் குறையும் என்று காட்டினார். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவரை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. மற்றது புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது, மூடி எழுதியவர்கள் முந்தினார்கள். மறுநாள் காலை பூவின் பெயரைக் கேட்ட திண்ணை உபாத்தியாயருக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் செய்வது இதுதான். முதலில் பாடத்தைப் பேச்சுத் தமிழில் கதையாகச் சொல்லிவிட வேண்டும். புரியாமல் ஒப்பிப்பதை 1823இலேயே பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் குறை சொன்னார், அந்தக் குறை இன்றைய நோட்ஸ் புத்தகங்களுக்கும் பொருந்தும். பிறகு இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, புத்தகத்தை மூடி, ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது. அதே பாடம் மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம். ஆண்டுகளை முன்னும் பின்னும் மாற்றிச் சொல்வது, சடை ஓதுவது போலவே. அந்த நுட்பத்துக்குப் பூணூல் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும். சத்தம் இருக்கும். அமைதியான அறை இல்லாத குறையைக் கூட்டுக் குரல் ஓரளவு ஈடுகட்டுகிறது. வாசலில் நின்று கேட்கும் தாய்மார்கள் சிலருக்கும் அறிவியல் பாடம் மனப்பாடம்.

வயிறும் இந்தக் கணக்கில் உண்டு. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நம் பக்கத்து மாவட்டங்களான விழுப்புரம், திருவண்ணாமலை கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தது. கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அதே மனிதரின் மூளைத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. கடல் மூடிக் கிடக்கும் வாரங்களில் குப்பத்துப் பிள்ளைகளிடம் இதைப் பார்க்க ஆய்வு வேண்டியதில்லை. சுண்டல் கொடுக்கும் நாளில் வகுப்பு எட்டரை மணி வரை தாங்கும், கொடுக்காத நாளில் ஏழு மணிக்கே கொட்டாவி.

எங்கள் பகுதியில் பல காலனிகளில் சமுதாயக் கூடம் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி ஊராட்சி அலுவலகத்திலோ யாரோ ஒருவர் வீட்டிலோ கிடக்கிறது. கடற்கரைக் குப்பங்களில் வலைபின்னும் கூடங்கள் இருக்கின்றன, இரவில் விளக்கு இல்லை. ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். பொதுத்தேர்வு முடியும் வரை மாலை ஆறு முதல் ஒன்பது வரை கூடம் திறந்திருக்க வேண்டும், மின்கட்டணம் ஊராட்சி நிதியிலிருந்து, நான்கு விளக்கு, பத்துப் பாய், நாளுக்கு இரண்டு கிலோ கொண்டைக்கடலை. தீர்மானத்தின் நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.